சொட்டும் கொழுப்புக்கு ஒரு எவர்சில்வர் தட்டு

அமெரிக்காவில் ஸ்மோக்கரில் கறி வாட்டுபவர்களில் பலர், கொழுப்பு சொட்ட அடியில் அலுமினியத் தட்டு வைத்து, ஒரே முறையில் தூக்கி எறிகிறார்கள். மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டும் நம்மூர்ப் பையன்களும் அதையே காப்பி அடிக்க வேண்டுமா என்ன?

தட்டு அவசியம்தான். கொழுப்பு நெருப்பில் விழுந்தால் எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் இருக்கும். அது கறியிலேயே படியும். ஆனால் அலுமினியம்? தயிர், எலுமிச்சை, உப்பு பட்டால் அரிக்கும். புளிக்குழம்பை அலுமினியத்தில் வைக்காதே என்று பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை! 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை. பதிலுக்கு அலுமினியத்தை வீசினால் குப்பை குறையுமா?

வாலாஜாபாத் பாத்திரக் கடையில், ஸ்வீட் ஸ்டால்களில் மைசூர்பாகு அடுக்கும் எவர்சில்வர் தட்டைக் கேளுங்கள். விளிம்பு இரண்டு விரல் உயரம் இருந்தால் போதும். கரியை இருபக்கமும் ஒதுக்கி, நடுவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கொழுப்பு கருகாது. (ஜி.ஐ. தகரத் தட்டு மட்டும் வேண்டாம், சூட்டில் துத்தநாகப் புகை வரும்.)

பிசுக்கா? ஆறியதும் உறைந்த கொழுப்பை வழித்தெடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிறகு அதே அடுப்புச் சாம்பல், கொஞ்சம் தேங்காய் நார்... சாம்பலின் காரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.