புட்டியிலே பூதமா?

தருமபுரியிலிருந்து இண்டூர் வழியே பென்னாகரம் நோக்கி லாரி ஓட்டும் தோழனே! டீசலோடு சேர்த்து ஊற்று என்று கடைக்காரர் நீட்டும் புட்டியை நீ பார்த்திருப்பாய். மைலேஜ் ஏறுமாம்! புகை மறையுமாம்! தேய்ந்த இன்ஜின் புதிதாகுமாம்! தலைவலிக்கும் பில்லி சூனியத்துக்கும் ஒரே தாயத்து என்று சந்தையிலே கூவுகிறவனுக்கும் இந்தப் புட்டிக்கும் என்ன வேறுபாடு?

1996இல் தமிழ்நாடு ஒரு விந்தை கண்டது. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கிறேன் என்றார் ராமர் பிள்ளை. ஏடுகள் எழுதின, ஏமாளிகள் வியந்தனர். 2016இல் சென்னை நீதிமன்றம் சொன்னது: மோசடி, மூன்றாண்டு சிறை! பொய் புறப்பட ஒரு நாள் போதும். அதைப் பிடிக்க இருபது ஆண்டு ஆயிற்று!

எல்லாப் புட்டியும் மோசடி என்று நான் சொல்லவில்லை. எது எதற்கு என்று கேள் என்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பது பி.எஸ். 6 டீசல். அதிலே கந்தகம் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது. எளிதில் பற்றும் திறனைக் காட்டும் சீட்டேன் எண் 51க்குக் குறையக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைகிறது. பம்ப் தேயாதிருக்க, அதற்கான மருந்தைச் சேர்த்தே டீசலை அனுப்புகிறார்கள். உப்புப் போட்டு வந்த குழம்பிலே நீ ஏன் இன்னொரு பிடி உப்பைக் கொட்ட வேண்டும்?

கடுங்குளிரிலே டீசலில் உள்ள மெழுகு உறையும். லடாக்குக்கென்றே 2019இல் குளிர்கால டீசல் கொண்டுவந்தது இந்தியன் ஆயில். உறைவதைத் தடுக்கும் மருந்து தொப்பூர் கணவாய் ஏறுகிறவனுக்கு எதற்கு?

இன்ஜெக்டரிலே கரி பிடித்திருந்தால், கழுவும் மருந்து பயன்படும். அளவு மீறினால் அதுவும் கேடு. உலோகம் கலந்த மருந்தோ சாம்பலாகிப் புதிய லாரியின் புகை வடிகட்டியை அடைக்கும்.

இன்னொன்று, ஆட்ப்ளூ! நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா, மீதி தூய நீர். அதற்குத் தனித் தொட்டி உண்டு. டீசல் டேங்கிலே ஊற்றினால் பம்பும் பாழ், இன்ஜெக்டரும் பாழ். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்பவனை நம்பாதே! 2015 முதல் அந்த உரத்தின்மேல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. புகையைத் தூய்மையாக்கும் கருவியை அது கெடுக்கும். உழவனுக்கு மானியத்திலே வந்த உரத்தைப் பறித்து உழைப்பவனின் லாரியைக் கெடுப்பது இரட்டைக் கேடு அல்லவா?

பம்ப் போனால் நடுவழியிலே நிற்பவன் யார்? புட்டி விற்றவனா? நீ! பேட்டா போவது உனக்கு. ஓட்டத் தெரியாதவன் என்ற பழியும் உனக்கு.

ஆகவே கேள்! கோளாறு என்ன? இந்த மருந்து அதற்குத்தானா? லாரியோடு வந்த கையேடு ஒப்புகிறதா? எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி? ரசீது உண்டா? ஐந்துக்கும் விடை வந்தால் வாங்கு. வராவிட்டால் காசு உன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

முதலில் டீசல் பில்டரின் அடியிலே தேங்கிய நீரை வடித்துவிடு. காலம் தவறாமல் பில்டரை மாற்று. நல்ல பங்கிலே டீசல் போடு. மண்ணெண்ணெய் கலந்ததைத் தொடாதே. பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

கோயில் தாயத்தைக் கேள்வி கேட்டவர்கள் நாம். கடைத் தாயத்தைக் கேட்காமல் விடலாமா?