இழிசொல் எழுந்து பாடுகிறது!

சேலம் கடைவீதியிலே, ஏற்றுமதிக்கென்று திருப்பூரில் தைத்து மிஞ்சிப்போன பனியன்கள் குவியலாய்க் கிடக்கும். விலை மலிவு. பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளியும் நாமக்கல் லாரிப் பட்டறைத் தொழிலாளியும் வாங்கி அணிகிறார்கள். அந்தக் குவியலிலே கழுகுச் சின்னம் பொறித்து, 'ராமோன்ஸ்' என்று எழுதிய கறுப்புப் பனியனும் கைக்கு அகப்படும். யார் இந்த ராமோன்ஸ்? சட்டைக் கம்பெனியா? சாராயக் கம்பெனியா? இரண்டுமில்லை. அது ஒரு பாட்டுக் குழு. அவர்கள் பாடிய பாட்டுக்குப் 'பங்க்' என்று பெயர். நம் தோழர்கள் மார்பிலே சுமந்து திரியும் கதை அது. ஆகவே அவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை.

"கழகத்துக்காரனுக்கு வெள்ளைக்காரன் பாட்டு எதற்கய்யா?" என்று கேட்போர் உண்டு. சொல்கிறோம், கேளுங்கள்.

'பங்க்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல். காலிப்பயல், உருப்படாதவன், ஒன்றுக்கும் உதவாதவன் - இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பெரிய மனிதர்கள் தெருப்பிள்ளைகள்மீது எறிந்த கல் அது. பிள்ளைகள் ஓடி ஒளியவில்லை. எறிந்த கல்லை எடுத்தார்கள், அதன்மேலேயே ஏறி நின்றார்கள், பாடினார்கள்!

நியூயார்க் நகரிலே பவரி என்றொரு வீதி. வீடற்றோரும் வேலையற்றோரும் விழுந்து கிடந்த வீதி. அங்கே 1973 இறுதியில் 'சி.பி.ஜி.பி.' என்ற பெயரில் ஒரு மதுக்கூடம் திறக்கப்பட்டது. பெரிய அரங்குகள் வாசலிலேயே நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கு அங்கே மேடை கிடைத்தது. 1974-இல் ராமோன்ஸ் அந்த மேடையில் ஏறினார்கள். நால்வரும் உடன்பிறந்தோர் அல்லர். தத்தம் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே பெயரைப் பூண்டவர்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1976-இல் வந்தது. பாட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு நிமிடம். கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், வாசித்துவிடலாம்.

அன்றைக்கு ராக் இசை, சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளையாகிவிட்டிருந்தது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். வாத்தியங்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். ஏழை வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு வியக்கலாம், செய்ய முடியாது. ராமோன்ஸ் பாட்டைக் கேட்ட பிள்ளையோ, "இதை நானும் செய்வேனே!" என்றான். தோழர்களே, அந்த ஒரு சொல்லில்தான் வெடிமருந்து இருக்கிறது.

அதற்கும் முன்னே, கார்த் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டிலே கறுப்பினச் சகோதரர் மூவர் இதே வேகத்தில் வாசித்தார்கள். தம் குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால், சாவு. பெயரை மாற்றினால் இசைத்தட்டு போடலாம் என்றார் பெரும் நிறுவனத் தலைவர். மாற்ற மறுத்தார்கள் சகோதரர்கள். 1975-இல் பதிவு செய்த பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தது 2009-இல்! முப்பத்து நான்கு ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது பாட்டு. பெயர் மட்டும் விலைபோகவில்லை.

இலண்டனுக்கு வருவோம். சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று மார்தட்டிய நாடு, 1976-இல் பன்னாட்டு நிதியத்தின் வாசலில் கடனுக்குக் கையேந்தி நின்றது. வேலையற்றோர் பத்து இலட்சத்துக்கு மேல். பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்கு ஆலையிலே இடமில்லை, அலுவலகத்திலே இடமில்லை. அந்தப் பிள்ளைகளிடமிருந்து எழுந்தது 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழு. 1977-இல் அரசி எலிசபெத்தின் வெள்ளி விழா. நாடெங்கும் தோரணம், ஊரெங்கும் விருந்து. அந்த வேளையிலே நாட்டுப் பண்ணின் பெயரையே தலைப்பாக வைத்து, அரசாட்சியைச் சாடி ஒரு பாட்டை வெளியிட்டது அக்குழு. பி.பி.சி. வானொலி தடை போட்டது. தடை போட்டும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்! தேம்ஸ் நதியில் படகேறிப் பாடினார்கள். போலீஸ் படகை மடக்கியது, சிலரைக் கைது செய்தது.

"கிழிந்த சட்டை, அதிலே ஊக்கு, தலையெல்லாம் முள்ளு முள்ளாக முடி. இதுவா இசை? இது காட்டுக் கூச்சல்!" என்றனர் கனவான்கள்.

கூச்சல்! இந்தச் சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

1946-இல் திருவையாற்றுத் தியாகராயர் விழாவிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். சந்நிதி தீட்டாகிவிட்டது என்றார்கள். தெலுங்குக்கு மணக்கும் மேடை தமிழுக்கு மட்டும் நாறியது! "தீட்டாயிடுத்து" என்று தலைப்பிட்டுக் 'குடிஅரசு' ஏட்டிலே சாட்டையைச் சுழற்றினார் இளைஞர் கருணாநிதி.

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க நாட்களிலே, செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் நாயனம் வாசித்து வந்தார் மதுரை சிவக்கொழுந்து. தோளிலே துண்டு. "எடு துண்டை!" என்றது செல்வர் கூட்டம். "எடுக்காதே, வாசி!" என்றார் பட்டுக்கோட்டை அழகிரி. பெரியாரும் அவர் பக்கம் நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது, நாயனமும் ஒலித்தது. வேர்வை துடைக்கும் முழத்துண்டு, அன்று ஒரு கொடியாயிற்று.

1945-இல் கருஞ்சட்டைப் படை. கறுப்பு ஏன்? நாம் இழிந்த நிலையிலே வைக்கப்பட்டிருக்கிறோம், அந்த இழிவின் அடையாளம் இது என்றார் பெரியார். 1948-இல் அந்தப் படைக்கே தடை விதித்தது சென்னை அரசு. சட்டைக்கு அஞ்சியது சர்க்கார்!

இலண்டன் பிள்ளையின் ஊக்குக் குத்திய சட்டையும் ஈரோட்டுத் தொண்டனின் கருஞ்சட்டையும் ஒரு கடையில் தைத்தவை அல்ல. ஒன்று விரக்தியில் பிறந்தது, மற்றது கொள்கையில் பிறந்தது. ஆனால், "நீ என்னை இழிந்தவன் என்கிறாய். ஆம், இதோ அதன் அடையாளம், பார்த்துக்கொள்" என்று நிமிர்ந்து நிற்கும் துணிவு இரண்டுக்கும் பொது.

ஆத்திரத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக மாட்டோம். ஆத்திரம் நெருப்பு. அடுப்பிலும் எரியும், கூரையிலும் எரியும். பங்க் பிள்ளைகளிலே சிலர், அதிர்ச்சி ஊட்டுவதற்கென்றே இட்லரின் சின்னத்தை அணிந்து திரிந்தார்கள். நிறவெறிக் கட்சியான 'நேஷனல் பிரண்ட்', வேலையற்ற வெள்ளைப் பிள்ளையின் காதிலே, "உன் வேலையைப் பறித்தவன் முதலாளி அல்ல, ஆசியாக்காரனும் கறுப்பனுமே" என்று ஓதியது. 1976 ஆகஸ்டில், எரிக் கிளாப்டன் என்ற பேர்பெற்ற பாடகர், கறுப்பர் இசையால் வாழ்ந்துகொண்டே, குடியேறியவர்களுக்கு எதிராக மேடையில் பேசினார். அதைக் கண்டு கொதித்தவர்கள் 'நிறவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1978 ஏப்ரல் 30-ஆம் நாள், டிரபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரவர் ஊர்வலம். பூங்காவிலே 'கிளாஷ்' குழு பாடியது. சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரின் பாடினார். ஆத்திரத்துக்குத் திசை காட்டியது அந்த ஊர்வலம். இசை மட்டும் இருந்து இயக்கம் இல்லாதிருந்தால், அந்தப் பிள்ளைகளில் பலரை வெறியர் கூட்டம் வாரிக்கொண்டு போயிருக்கும்.

ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. முதலாளி அந்தச் சட்டையை விற்றுக் காசாக்கிவிட்டான். ஆயினும் பாட்டு சாகவில்லை. ஏன்?

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திலே 2011 டிசம்பரில் பங்க் இளைஞர் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து, தலையை மழித்து, 'திருத்துவதற்கு' அடைத்து வைத்தார்கள். 2012-இல் மாஸ்கோ தேவாலயத்திலே புதினை எதிர்த்துப் பாடிய 'புஸ்ஸி ரயட்' பெண்கள் மூவருக்கு ஈராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் ஏதிலியாக இலண்டன் திரும்பிய நம் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரிலே 2007-இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் அடியிலே ஓடும் இசை, கிளாஷ் குழு 1982-இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. குடியேறிகளின் துயரைப் பாடிய இசை, குடியேறியின் மகள் குரலிலே உலகைச் சுற்றியது.

மேடை உனக்கில்லை என்று ஒருவனிடம் சொல்லும் ஊர் உலகில் உள்ளவரை, மேடையைக் கேட்காமலே ஏறும் பாட்டும் இருக்கும். பங்க் நிலைத்ததன் இரகசியம் அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆங்கிலத்திலே 'பரையா' என்றொரு சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். உலகெங்கும் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தச் சொல் எங்கிருந்து போயிற்று? நம் பறையிலிருந்து போயிற்று! பறை என்றால் தமிழிலே சொல் என்று பொருள், அறிவி என்று பொருள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களிலே பறையையும் வைத்து எண்ணுகிறது. அத்தகைய கருவியைத் தீண்டத்தகாதது ஆக்கி, அடித்தவனைச் சேரிக்குத் தள்ளி, அவன் பெயரையே உலகத்துக்கு வசைச்சொல்லாக ஏற்றுமதி செய்தது சாதி.

கொங்குச் சீமையிலே பறை பெரும்பாலும் அருந்ததியர் தோளில் ஏற்றப்பட்டது. சாவு விழுந்தால் அடிக்க வேண்டும், மாரியம்மன் நோன்பு சாட்டினால் அடிக்க வேண்டும். கூலி அவன் கேட்பதல்ல, ஊர் கொடுப்பது. தோலைத் தீயில் காய்ச்சி, சிண்டுக் குச்சியும் அடிக்குச்சியும் பிடித்து, விடிய விடிய ஆடி அடித்தவனுக்குத் திண்ணையிலே இடமில்லை.

ஆகவேதான் ஒரு காலத்திலே, "அடிக்க மாட்டோம்" என்ற குரல் எழுந்தது. தென்னார்க்காட்டிலே எல். இளையபெருமாள் போன்றோர், இழிதொழிலாகச் சுமத்தப்பட்ட பறையைக் கைவிடுமாறு மக்களைத் திரட்டினார்கள். பிறகு 1990-களிலே வேறொரு குரல் எழுந்தது: "அடிப்போம்! ஊர் கட்டளையிட்டதற்காக அல்ல, நம் உரிமைக்காக!" திண்டுக்கல் சக்தி கலைக்குழுவிலே தாழ்த்தப்பட்ட வீட்டுப் பெண்கள் பறையைத் தோளிலே மாட்டினார்கள். 2018 சனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்திலே, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசையமைப்பில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அரங்கேறியது. பறையும் கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில்! அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லே அப்பெயரின் வேர். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். கானா பாடும் இசைவாணி ஐயப்பன் கோயிலுக்குள் பெண் நுழையும் உரிமையைப் பாடியதற்கு, ஆண்டுகள் கழித்து 2024-இலும் மிரட்டல் வந்தது. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது. ஒதுக்கிய கருவியைத் தேடி அரசு விருது வந்தது.

அடிக்க மறுத்தவனும் அடிக்க எடுத்தவனும் பகைவர் என்று எண்ண வேண்டாம். இருவரும் சொன்னது ஒன்றே: "என் கை, என் முடிவு."

இதை ஏன் சேலத்துத் தோழர்களுக்கும் நாமக்கல் தோழர்களுக்கும் எழுதுகிறோம்? 1944 ஆகஸ்டு 27-ஆம் நாள், சேலம் மாநாட்டிலேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. சர் பட்டத்தையும் ராவ்பகதூர் பட்டத்தையும் தூக்கி எறியச் சொன்ன அண்ணாவின் தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதே சமவெளியிலே, 2015 சூன் மாதம், வேறு சாதிப் பெண்ணோடு பேசினான் என்பதற்காகப் பட்டதாரி இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தான். பட்டம் துறந்த மண்ணிலே சாதி இன்னும் துறக்கப்படவில்லை.

நம் ஊர்வலங்களிலே பறை முன்னே செல்கிறது. மகிழ்ச்சி. ஊர்வலம் முடிந்ததும் பறை எங்கே போகிறது? மேடையின் பின்புறமா? லாரியின் நிழலிலா? அங்கேதான் இருக்கிறது நம் சோதனை.

கிளைக் கழகத் தோழர்களே! செலவில்லாத வேலைகள் சில உண்டு. துண்டறிக்கையிலே பேச்சாளர் பெயரோடு பறைக் குழுவின் பெயரையும் அச்சிடுங்கள். பேசிய கூலியை, பேசிய நாளில், கையிலே கொடுங்கள். பந்தியிலே பக்கத்தில் அமர்த்திச் சாப்பிடுங்கள். மேடையிலே நாற்காலி போடுங்கள். உங்கள் ஊரிலே சாவுக்கு அடிக்க மறுக்கும் குடும்பத்தை ஊர் மிரட்டினால், அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுத்திருக்கிறது என்பதைச் சொல்லி, அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். உங்கள் பிள்ளை பறை பழக விரும்பினால், அருந்ததியர் தெருவிலே ஆசானைத் தேடிப் போகச் சொல்லுங்கள். குருவென்று வணங்கிப் பழகட்டும்.

நாயனக்காரர் தோளில் துண்டு நிலைத்ததற்கு, அருகிலே ஓர் அழகிரி நின்றது காரணம். பறைக்காரர் அருகிலே நிற்கப்போவது யார்? உங்கள் கிளையின் பெயரைச் சொல்லுங்கள் தோழர்களே!