ஒரே பாடம், இரு வேறு படம்



காஞ்சிரங்குளத்திலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் காணொளி என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. கொரோனா முடக்கக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கேரள அரசின் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. அன்றுதொட்டுப் பள்ளிக்கூடமே வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது எனலாம். அப்பாடங்கள் யூடியூபிலும் கிடைத்தன. தமிழ்வழி மாணவர்களுக்கும் தனிப் பாடங்கள் வெளிவந்தன. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சியோ 2019-லேயே தொடங்கிவிட்டது. அந்நெருக்கடி தீர்ந்தபின்னும் பாடத்தைக் கணினியில் கேட்கும் வழக்கம் நின்றபாடில்லை.

இவ்வழக்கத்தோடு ஒரு மனக்குறையும் வீடுகளில் வளர்ந்திருக்கிறது. ஒரே கணினி, ஒரே இணைய இணைப்பு, ஒரே பாடம். ஓர் உலாவியில் பார்த்தால் ஆசிரியரின் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக நிற்கிறது, விசிறி இரைகிறது, பாட்டரி பாதிப் பாடத்திலேயே வற்றிவிடுகிறது. வேறோர் உலாவியில் அதே பாடம் தெளிந்த நீரோடைபோல் ஓடுகிறது. காரணம் தெரியாதவர்கள் இணைப்பு மோசம் என்று அதிக விலைத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். அல்லது கணினி கிழடாகிவிட்டது என்று கடன் வாங்கிப் புதிது வாங்குகிறார்கள். உலாவி என்பது வெறும் ஜன்னல் என்று எண்ணுவதால் வரும் வினை இது. உண்மையில் அது ஜன்னல் அன்று. மூட்டை பிரிக்கும் வேலையாள். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

நம் தாலுகாவிலுள்ள பாலராமபுரத்துக் கைத்தறித் துணியை வெளியூருக்கு அனுப்புவோர் அதை மடித்துக் கட்டித்தானே அனுப்புகிறார்கள்! காணொளியும் அவ்வாறே சுருக்கிக் கட்டப்பட்டு வருகிறது. கட்டும் முறைகள் பல. 2003-இல் வந்த எச்.264 என்பது பழைய முறை. 2013-இல் வந்த விபி9-உம், 2018-இல் வந்த ஏவி1-உம் மேலும் இறுக்கமாகக் கட்டுபவை. இறுக்கிக் கட்டினால் மூட்டை சிறிதாகும். அதாவது, டேட்டாச் செலவு குறையும். ஆனால் பிரிக்கும் உழைப்போ கூடும். இந்த இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்தாலன்றி மற்ற விஷயங்கள் விளங்கா.

பிரிக்கும் வேலைக்குக் கணினியில் இரண்டு வழிகள் உண்டு. கிராபிக்ஸ் சில்லுக்குள் இதற்கென்றே அமைந்த ஒரு பகுதி இருக்கிறது. அது குறைந்த மின்சாரத்தில், அலட்டிக்கொள்ளாமல் வேலையை முடிக்கும். அது இல்லையேல், அல்லது உலாவி அதனைப் பயன்படுத்தாவிடில், எல்லாப் பாரமும் பிராசஸர் எனும் மூளையின் தலையில் விழும். அப்போதுதான் சூடும் விசிறி இரைச்சலும் தடுமாற்றமும் தோன்றுகின்றன. விபி9 மூட்டையை முழுமையாகப் பிரிக்கும் உறுப்பு இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் சில்லுகளில் வந்தது. ஏவி1-க்கான உறுப்பு 2020-இல், பதினோராம் தலைமுறையில்தான் வந்தது. ஆகவே பழைய மடிக்கணினியில் புதிய முறைக் காணொளி திணறுவது இயல்பே. அதே படத்தை எச்.264 முறையில் கேட்டுப் பெற்றால் அந்தக் கிழட்டுக் கணினியும் இளமை பெறும்.

நமக்கு மிக அருகிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கேரளப் பொதுப் பள்ளிகளின் கணினிகளில் கைட் நிறுவனத்தின் லினக்ஸ் அமைப்பு இயங்குகிறது. கட்டணமில்லாத, பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயினும் 2020-இல் லினக்ஸில் இயங்கிய குரோமும் ஃபயர்ஃபாக்ஸும், நாமே முனைந்து அமைப்பை மாற்றினாலன்றி, அந்தத் தனி உறுப்பைப் பயன்படுத்தவில்லை. விண்டோஸில் இலேசாக ஓடிய பாடம், அதே திறனுள்ள கணினியில் லினக்ஸில் பாரமானதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2023 ஜூலையில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 115-இல்தான் இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினிகளுக்கு இவ்வசதி இயல்பாகவே கிடைத்தது. கணினி மாறவில்லை, இணைப்பும் மாறவில்லை, உலாவியின் பழக்கம் மாறிற்று.

ஆப்பிள் கணினி உடையோரும் இதற்கு விலக்கல்லர். அதன் சஃபாரி உலாவி நெடுங்காலம் விபி9-ஐ ஏற்கவில்லை. ஆதலால் யூடியூபின் 4கே படங்கள் அதில் 1080 வரிசைக்கு மேல் போகவில்லை. 2020-இல் வந்த சஃபாரி 14-க்குப் பின்னரே அக்குறை தீர்ந்தது. விலை உயர்ந்த கணினி மட்டும் தெளிவைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

எந்த உலாவி சிறந்தது என்ற கேள்விக்கு நிலையான விடை உண்டோ? 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரே வகைக் கணினிகளில் ஒரே காணொளியை ஓடவிட்டபோது அந்நிறுவனத்தின் எட்ஜ் 7 மணி 22 நிமிஷமும், ஓபரா 6 மணி 18 நிமிஷமும், ஃபயர்ஃபாக்ஸ் 5 மணி 9 நிமிஷமும், குரோம் 4 மணி 19 நிமிஷமும் பாட்டரியில் தாக்குப்பிடித்தன என்றது. சோதித்தவரும் வென்றவரும் ஒருவரே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஓபரா நிறுவனம் அம்முடிவை மறுத்துப் பேசவும் செய்தது. பின்னர் 2020 ஜனவரியில் எட்ஜ் தன் பழைய உட்பொறியைக் கைவிட்டுக் குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கே மாறிவிட்டது. எனவே அந்தப் பழைய பட்டியலை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வது பயனற்றது.

சந்தா கட்டிப் படம் பார்ப்போர்க்கு இன்னொரு விசித்திரம் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் பல ஆண்டுகள்வரை குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 720 வரிசைத் தெளிவே கிடைத்தது. எட்ஜிலும் சஃபாரியிலும் அதைவிட மேலான தெளிவு கிடைத்தது. 2016 நவம்பரில் 4கே தெளிவு விண்டோஸ் கணினிகளுக்கு வந்தபோதும் எட்ஜ் உலாவியும் ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லும் வேண்டியிருந்தன. படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு சில்லுக்குள் இருந்தால் படமுதலாளிகள் நம்புகிறார்கள். மென்பொருளில் மட்டும் இருந்தால் தெளிவைக் குறைத்துத் தருகிறார்கள். காசு ஒன்றே, காட்சி வேறு! இவ்வரம்புகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. ஆதலால் உயர்ந்த சந்தா கட்டுமுன் அச்சேவையின் உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நலம். டேட்டாக் கணக்கும் இங்கே முக்கியம்: சாதாரணத் தெளிவில் மணிக்கு 1 ஜிபி வரை, உயர்தெளிவில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸே கூறுகிறது.

நினைவகச் செலவு மற்றொன்று. குரோம் 2008-இல் வந்தபோதே பக்கங்களைத் தனித்தனிப் பணிகளாகப் பிரித்து நடத்தும் முறையோடு வந்தது. ஒரு பக்கம் கெட்டால் மற்றவை பிழைக்கும் என்பது நன்மை; 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் மூச்சு முட்டும் என்பது தீமை. பயன்படாத பக்கங்களை உறங்கவைக்கும் வசதி எட்ஜில் 2021-இலும், குரோமில் 2022-இன் இறுதியிலும் வந்தது.

இனி நாம் செய்யக்கூடியது யாது? கடைக்காரர் சொல்லையோ விளம்பரத்தையோ நம்ப வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே சோதிக்கலாம். யூடியூபில் ஓடும் பாடத்தின்மீது வலது பொத்தானை அழுத்தி ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஏவிசி1’, ‘விபி09’, ‘ஏவி01’ என்ற பெயர்களில் ஒன்று தெரியும்; முதலாவது எச்.264-ஐக் குறிப்பது. ‘டிராப்ட் ஃபிரேம்ஸ்’ என்ற எண் ஏறிக்கொண்டே போனால், இணைப்பன்று, கணினியே தடுமாறுகிறது என்று அறியலாம். பின்பு உலாவியின் அமைப்புகளில் ‘கிராபிக்ஸ் ஆக்ஸலரேஷன்’ அல்லது ‘ஹார்ட்வேர் ஆக்ஸலரேஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அதே பாடத்தை வேறோர் உலாவியில் பத்து நிமிஷம் ஓட்டி ஒப்பிடுங்கள். அதற்கும் அசையாவிடில் 480 வரிசைக்கு இறக்குங்கள். கரும்பலகை எழுத்து பெரும்பாலும் அதிலேயே படிக்கும்படி தெரியும்.

பழைய கணினி என்பதற்காகப் பழைய உலாவியை வைத்திருக்கலாகாது. விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்புகள் தருவதைக் குரோம் 2023-இலேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்பற்ற உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவில்லா வீட்டில் நகைப்பெட்டி வைப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய கணினிக்கு இலேசான லினக்ஸ் ஒன்றை இட்டு, இன்றும் பதிப்புகள் வரும் உலாவியை நிறுவிக்கொள்வதே தக்கது.

இருப்பதைச் சீர்தூக்கிப் பார்த்த பின்பே இல்லாததை வாங்க வேண்டும். வளைகுடாவில் வெயிலில் உழைத்து அனுப்பும் பணமாயினும், நெய்யாற்றின்கரையில் கூலி வேலை செய்து சேர்க்கும் பணமாயினும், அதன் அருமை வீட்டிலுள்ளோர் அறிந்ததே. அரை மணி நேரச் சோதனை அப்பணத்தைக் காக்குமாயின், பிள்ளையின் பாடமும் தடைப்படாது. அடுத்த பருவத்துக்கு வேண்டிய புத்தகத்துக்கும் கையில் காசு மிஞ்சும்.