காணாதார்க்கும் உரியது நிழற்படம்

கல்லூரி மலர்கள் இன்று அச்சோடு நின்றுவிடுவதில்லை, இணையத்தளங்களிலும் இடம்பெறுகின்றன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் இதனாற் பெறும் மகிழ்ச்சி பெரிது. ஆயின், அம்மகிழ்ச்சியிற் பங்கு பெறாதார் ஒரு சாரார் உளர். அவர்கள் பார்வை இழந்தோர்.

என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் முதுமையிற் கண்ணொளி இழந்தார். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பானின் துணைகொண்டு நாள்தோறும் செய்தி அறிந்து வருகின்றார். எங்கள் கிரிக்கெட் அணியின் பழைய படம் ஒரு தளத்தில் வெளியானபோது, அவர் செவியில் விழுந்தவை “படம் ஒன்று” என்னும் இரு சொற்களே. தாம் நிற்கும் படத்தைத் தாமே அறியாது கடந்து சென்றார்.

படத்தோடு இணைத்து எழுதப்படும் மறைகுறிப்பை மாற்றுரை என்பர். திரைவாசிப்பான் படிப்பது அதனையே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் முதல் விதியாய் நின்றது இதுவே. 2023இல் வந்த 2.2ஆம் பதிப்பிலும் அவ்விடத்தினின்றும் பெயரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கையும் 2016இல் ஏற்று உறுதிசெய்துள்ளது.

சோதனைக் கருவிகள் உண்டே எனச் சிலர் கூறலாம். மாற்றுரை உண்டா என்பதைக் கருவி நன்கு அறியும். அது மெய்யா, பயனுடையதா என்பதை அறியாது. விடையைப் படியாது, தாள் நிரம்பியமைக்கே புள்ளி வழங்கும் ஆசிரியரை நாம் ஏற்போமா?

முறை எளிது. தொலைபேசியில் நண்பருக்குக் கூறுமாப்போல் எழுதுக: “கிரிக்கெட் அணியினர் இரு வரிசையில், நடுவே தலைவர் கிண்ணத்துடன்.” பெயர்கள் படத்தின்கீழ் எழுத்தில் இருப்பின் மீண்டும் கூறல் வேண்டா. அழைப்பிதழோ இரங்கற் செய்தியோ படமாக இடப்படின், அதன் வாசகம் முழுவதையும் எழுத்திலும் தருதல் வேண்டும். பக்கத்தை அழகுசெய்யும் பூங்கொடிக்கு மாற்றுரையை வெறுமையாக விடுக. திரைவாசிப்பான் பேசாது கடந்துவிடும். மாற்றுரைக்கு இடமே வையாது விடின், கோப்பின் பெயரைப் படித்துக் கேட்போரை அலைக்கழிக்கவும் கூடும்.

பழைய படங்களில் உள்ளோரை இனங்காட்ட வல்ல முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர்கள் சொல்ல, இன்றைய மாணவர் எழுதுவாராக. கண்ணில்லார்க்கு இயற்றும் அவ்வுரையே, கண்ணுடைய நாளைய மாணவருக்கும் வரலாறாகும். கருவி தரும் சான்றிதழினும், “இதோ, நான் நிற்கின்றேன்!” என்று என் நண்பர் கூறும் சொல்லே நமக்குப் பெருஞ்சான்று.