மண்டபம் மட்டும் போதாது

ஸ்காபரோவில் தமிழ்ச் சமூக மையம் அமைக்க 2 கோடியே 63 இலட்சம் டொலர் வழங்குவதாகக் கனடிய மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாண அரசும் 2021இல் அறிவித்தன. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் கட்டடம் எழுவதோடு பணி முடிவதில்லை. நிர்வாகமே அதன் உயிர்.

வார இறுதியில் விழா, ஏனைய நாள்களில் பூட்டு என்ற நிலையை நாம் பலவிடங்களில் கண்டுள்ளோம். தொடர்மாடி வீட்டினுள் அடைபட்டிருக்கும் முதியோரும், அகதிக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருக்கும் இளைஞரும் எங்கே செல்வது? முதியோருக்குப் பகல், மாணவருக்கு மாலை, பெண்களுக்குத் தனி நேரம் என நேரசூசி வேண்டும். குறைந்த வருமானத்தினருக்கு ரொறன்ரோ மாநகரசபை தனது நிலையங்களில் அளிக்கும் கட்டணச் சலுகை இங்கும் வேண்டும். கணக்கறிக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும்.

திறப்பு விழா எந்நாள் என்று கேட்குமுன், திறப்பு எவர் கையில் இருக்கும் என்பதை நாம் கேட்போமாக.