துரவுக்குள் கயிறு விடுவது யார்?



பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு சபையில் ஊழியம் செய்த காலத்தில், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் ஒரு சகோதரி காத்திருந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் பில் போடும் பிரிவில் அவருக்கு வேலை. செய்யாத பரிசோதனைகளுக்கும் தங்காத நாள்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் படிவங்கள் தம் கையால் போவதைச் சொல்லி அழுதார். “ஐயா, நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. “பிள்ளைகள் படிக்கிறார்கள் அம்மா. பொறுமையாய் இருங்கள். ஜெபிப்போம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்றேன். சில மாதங்களில் அவர் காரணம் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் என்னிடம், “நீங்கள் அன்று ஒரு வழக்கறிஞரிடம் என்னோடு வந்து உட்கார்ந்திருந்தால் போதும் ஐயா” என்றார். ஜெபத்தை நான் அன்று என் பயத்துக்குப் போர்வையாக்கினேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

முறைகேட்டை வெளிப்படுத்துகிறவரை நம் ஊரில் எப்படி அழைக்கிறோம்? “காட்டிக்கொடுத்தவன்” என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு யூதாஸின் முகம் நினைவுக்கு வருகிறது. “உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா” என்றும் கேட்கிறோம். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். யூதாஸ் குற்றமற்றவரை அதிகாரமுள்ளவர்களிடம் ஒப்புக்கொடுத்தான். முறைகேட்டை வெளிப்படுத்துகிறவரோ குற்றமற்றவர்களைக் காக்க அதிகாரமுள்ளவர்களின் குற்றத்தைச் சொல்லுகிறார். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது அநியாயம். மருத்துவமனை ஊழியரின் உணவில் உப்பிட்டவர் யார்? முதலாளி மட்டுமா? நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் நோயாளியும் அல்லவா?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். ரான்பாக்ஸி என்னும் பெரிய மருந்து நிறுவனத்தில் தினேஷ் தாக்கூர் அதிகாரியாக இருந்தார். 2004-இல் மேலதிகாரி கேட்டுக்கொண்டபடி, பல நாடுகளின் அரசுகளுக்கு நிறுவனம் அளித்திருந்த மருந்து ஆய்வு விவரங்களைச் சரிபார்த்தார். அவற்றில் பல புனையப்பட்டவை என்று கண்டார். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான மருந்துகளும் அவற்றுள் அடங்கும். 2005-இல் வேலையை விட்டார். பின்பு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதினார். 2007-இல் அங்கே வழக்கும் தொடுத்தார். 2013 மே மாதத்தில்தான் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. இடையில் எட்டு ஆண்டுகள். முடிவு எப்படியிருக்கும் என்று அறியாமல் ஒரு குடும்பம் அத்தனை காலம் காத்திருந்தது.

“அவருக்குப் பெரும் பணம் கிடைத்ததே” என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அரசை ஏமாற்றி எடுத்த பணத்தை மீட்க உதவுகிறவருக்கு அதில் ஒரு பங்கு தரும் சட்டம் அமெரிக்காவில் உண்டு. அதன்படி ஏறத்தாழ 4.8 கோடி டாலர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. என்ரான் நிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரான ஷெரான் வாட்கின்ஸ், கணக்கில் நடந்த மோசடியைப் பற்றி 2001 ஆகஸ்டில் தலைவர் கென்னத் லேயை நேரில் கண்டு எச்சரித்தார். லே ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் மகன். சில நாள்களுக்குள்ளே, வாட்கின்ஸை வேலைநீக்கம் செய்தால் சட்டச் சிக்கல் வருமா என்பதைப் பற்றி நிறுவனத்தின் வழக்கறிஞர் தரப்பு ஆலோசனை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தார்கள்.

நம் நாட்டில் முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. பத்து ஆண்டுகள் கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்மீதான புகார்களுக்கே பொருந்தும். தனியார் மருத்துவமனையில் பில் போடும் ஒரு சகோதரிக்கு அது குடையாகாது.

வேதம் இதைப் பற்றி மௌனமாயிருக்கவில்லை. கண்டதையும் அறிந்ததையும் சாட்சியாகச் சொல்லாதவன் தன் அக்கிரமத்தைச் சுமக்கிறான் என்பது லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்தின் போதனை. ஆயினும் இந்த வாரம் என் மனதைத் தொட்டது எரேமியா 38-ஆம் அதிகாரம். உண்மையைச் சொன்ன தீர்க்கதரிசியைப் பிரபுக்கள் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். அவரைத் தூக்கிவிட்டவர் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியர். அரண்மனையில் வேலை செய்த அந்நியர் அவர். ராஜாவிடம் துணிந்து பேசினார். முப்பது பேரோடு சென்றார். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணிகளையும் இறக்கினார். அந்தக் கந்தைத் துணியை எண்ணிப் பாருங்கள். அன்று என்னிடம் வந்த சகோதரிக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

எல்லாரும் எரேமியாவாக முடியாது. ஆனால் ஒரு சபை எபெத்மெலேக்காக இருக்க முடியும். ஒருவர் பாரத்தோடு வந்தால், வதந்தியையும் கண்ட உண்மையையும் அவர் பிரித்தறிய உதவுவோம். தனிப்பட்ட கோபத்துக்காக யார்மீதும் பழி சுமத்த இடம் கொடாதிருப்போம். சான்றுகளைச் சட்டப்படி பாதுகாக்க, நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள் வழி காட்டட்டும். அவர் சொன்னதை ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் ஊரெல்லாம் பரப்பாதிருப்போம். வேலை போனால், வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் நம் கை நீளட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவை உலகத்தின் நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் சபைக் கணக்கைப் பற்றியோ, நாம் நடத்தும் பள்ளியைப் பற்றியோ ஒருவர் கேள்வி கேட்டால், அவரைக் கலகக்காரர் என்று ஒதுக்குகிறோமா, உட்காரவைத்துக் கேட்கிறோமா? அந்தக் கேள்வி முதலாவது உங்கள் போதகராகிய எனக்குரியது.

இந்த வாரம் உங்களில் யாராவது அப்படியொரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தால், என்னிடம் வாருங்கள். நான் உங்களோடு ஜெபிப்பேன். ஜெபித்து எழுந்தபின் உங்களோடு நடந்தும் வருவேன்.

கர்த்தர்தாமே நம்மை உண்மையிலும் தைரியத்திலும் நிலைநிறுத்துவாராக. ஆமென்.