அக்கா ஏறிய உருக்கு மலை

"இதில் ஏறுகிறவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்களா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

கேட்ட இடம், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த சாண்டஸ்கி என்னும் ஊர். ஈரி என்ற பெரிய ஏரிக்குள் நாக்கை நீட்டினாற்போல் ஒரு நிலத்துண்டு. அதன்மேல் சீடர் பாயிண்ட் என்ற பூங்கா. 1870-லிருந்து ஜனங்கள் பொழுதுபோக்க வருகிற இடம். நாங்கள் போனது 2019-ஆம் வருஷக் கோடையில். அக்கா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, மாக்னம் எக்ஸ் எல் 200 என்ற ரோலர் கோஸ்டரை.

வாசகிகளே, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம் உண்டு. சிலருக்குப் பட்டுப் புடவை, சிலருக்குப் பாத்திரக் கடை; எனக்கு இது. முப்பதைத் தாண்டிய பத்திரிகைக்காரிக்கு இது அழகா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை என் மாமியார் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பெரிதும் சிறிதுமாக எத்தனையோ ஏறி இறங்கியிருக்கிறேன். உனக்குப் பிடித்தது எது என்றால், யோசிக்காமல் மாக்னம் என்பேன்.

நம் திருவிழா ராட்டினம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. ரோலர் கோஸ்டர் அப்படியல்ல. அது ஒரு ரயில். ஆனால் எஞ்சின் கிடையாது! சங்கிலி ஒன்று அதை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. அதற்கப்புறம் பூமாதேவி இழுக்கிற இழுப்புதான். விழுந்த வேகத்தில் அடுத்த மேட்டில் ஏறி, ஏறிய உயரத்திலிருந்து மறுபடி விழுந்து, இருந்த வேகத்தையெல்லாம் செலவழித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சிக்கனமான குடும்பத் தலைவி மாதச் சம்பளத்தைச் செலவழிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு ஒரே பெண். எட்டு வருஷம் கோயில் குளமெல்லாம் சுற்றிப் பெற்ற பெண். மாக்னத்தில் ஏறுவதற்கு 48 அங்குல உயரம் வேண்டும் என்பது சட்டம். இரண்டு கோடைகளாக அந்த அளவுகோலின் கீழ் நின்று, உயரம் போதாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் அவள். அந்த வருஷம் அளவுகோல் தலையில் இடித்தது. குழந்தை துள்ளிக் குதித்தாள். அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சித்தியோடு போகட்டுமே" என்றார் அத்தான்.

"நீங்கள் சும்மா இருங்கள்" என்றாள் அக்கா. பிறகு, மொட்டை மாடி ஏணியில்கூட இன்றுவரை கால் வைத்தறியாத அந்த அக்கா சொன்னாள்: "முதலில் நான் ஏறிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்புறம் அவள்."

பாலைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்த பிறகுதானே குழந்தைக்குக் கொடுப்போம்? அந்த நியாயம்தான். நான் மறு பேச்சுப் பேசவில்லை.

வரிசையில் நின்றபோது, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவளுக்கு மாக்னத்தின் ஜாதகத்தைச் சொன்னேன். பிறந்த வருஷம் 1989. செலவு 80 லட்சம் டாலர். உயரம் 205 அடி. புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேருகிற ரோலர் கோஸ்டர் எதுவும் அதற்கு முன் 200 அடியைத் தாண்டியதில்லை. முதல் இறக்கத்தில் வேகம் மணிக்கு 72 மைல். "இதற்குப் பெயர் தைரியம் சொல்வதா?" என்றாள் அக்கா. நியாயமான கேள்விதான்.

ஆகவே சக்கரங்களைக் காட்டினேன். தண்டவாளம் என்றால் நம் ரயில் தண்டவாளம் அல்ல; உருண்டையான உருக்குக் குழாய். ஆதியில் எல்லாம் மரச் சட்டங்களின் மேல்தான் ஓடின. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தில் 1959-ல் மாட்டர்ஹார்ன் என்ற பனிமலையைக் கட்டியபோது, ஆரோ என்ற கம்பெனியார் முதன்முதலாகக் குழாயை வளைத்துத் தண்டவாளம் செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து மாக்னத்தைச் செய்ததும் அதே ஆரோதான். குழாயின் மேலே ஓடும் சக்கரம் ஒன்று, பக்கத்தில் அணைத்தபடி ஓடுவது ஒன்று, அடியிலிருந்து பற்றிக்கொண்டு ஓடுவது ஒன்று. மேலே தூக்கினாலும் பக்கத்தில் தள்ளினாலும் பிடி விடாது. அக்கா குனிந்து மூன்றையும் எண்ணிப் பார்த்தாள். கறிகாய்க்காரனிடம் எடை சரிபார்க்கிற பார்வை!

இதை வகுத்தவர் ரான் டூமர் என்ற எஞ்சினீயர். 2011-ல் காலமானார். எண்பதுக்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்களை உருவாக்கியவர். ஆரம்ப நாட்களில் சட்டை மாட்டும் கம்பியை வளைத்து வளைத்துப் பாதைக்கு மாதிரி செய்து பார்ப்பாராம். அவரைப் பற்றிய வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்கே இந்த மாதிரி சவாரி ஒத்துக்கொள்ளாது. தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். முடிந்தவரை ஏறாமலே காலத்தை ஓட்டினார். சர்க்கரை வியாதிக்காரர் ஜாங்கிரி சுற்றினால் எப்படி, அப்படி! ஆனால் ஜாங்கிரி என்னமோ முதல் தரம்.

வண்டி கிளம்பிற்று. கம்பி மடியின்மேல் இறங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஏற்றத்தில் கடக் கடக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பயமுறுத்துகிற சத்தம்தான். ஆனால் அது காவலாளியின் சத்தம். வண்டி பின்னால் நழுவிவிடாமல் கொக்கி ஒன்று பல் பல்லாக மாட்டிக்கொண்டு வருகிறது. இதைச் சொன்னதும் அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ஏரி, மறுகரை தெரியாமல், கடல் மாதிரி நீலமாகக் கிடந்தது. "அழகாய்த்தான் இருக்கிறது" என்றாள். அத்துடன் உச்சி வந்துவிட்டது.

முதல் இறக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 60 பாகைச் சரிவு, 195 அடிப் பள்ளம், காற்று முகத்தில் அறைகிறது. எல்லோரும் எழுதுவது அதைத்தான். உயரத்தை நம்பிப் பேர் வாங்குகிறவர்களின் கதி என்ன என்பதை மாக்னமே கண்டிருக்கிறது. அதே பூங்காவில் 2000-ல் மில்லெனியம் ஃபோர்ஸ் என்று 310 அடியில் ஒன்று வந்தது. 2003-ல் இன்னொன்று 420 அடி. 2005-ல் நியூஜெர்ஸியில் கிங்டா கா என்று 456 அடியில் ஒன்று எழும்பிற்று. அந்த 456 அடிக்காரரை 2025-ல் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள்! உயரப் பட்டம் போன பிறகு மாக்னத்தைக் 'கிழம்' என்று சொல்ல ஆரம்பித்தவர்கள் உண்டு. குலுக்குகிறதாம். குலுக்கத்தான் செய்கிறது, யார் இல்லை என்றார்கள்? புதியவை வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு போகின்றன. இறங்கிய பிறகு எந்த வளைவு எதற்கு முன்னால் வந்தது என்று ஞாபகம் இருப்பதில்லை.

மாக்னத்தின் ருசி திரும்பி வருகிற வழியில் இருக்கிறது. இரண்டாவது மேடு தாண்டி, குகைக்குள் நுழைந்து வெளிப்பட்டு, கோடியில் முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு திருப்பம். ஆயிற்று, இனி வீடுதான் என்று தோன்றும். வேகமும் கொஞ்சம் தணிந்திருக்கும். அப்போது ஆரம்பிக்கின்றன சின்னச் சின்ன மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் போட்டுத் தரும் மேடுகள் குடம் கவிழ்த்தாற்போல் வழவழவென்று உருண்டு இருக்கும். டூமருடைய மேடுகளுக்கு உச்சி கூரை முகடு மாதிரி. வண்டி ஏறுகிற வேகத்தில் நம் உடம்பு மேலேயே போகப் பார்க்கிறது; அதற்குள் தண்டவாளம் வெடுக்கென்று கீழே திரும்பிவிடுகிறது. ஆசனம் நம்மை விட்டுப் போய்விடுகிறது! மடியில் உள்ள கம்பிதான் பிடித்து இழுத்து வருகிறது. உட்கார்ந்தோமோ இல்லையோ, அடுத்த மேடு. ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு க்ஷணம் சங்கிலி தளருமே, அந்த க்ஷணத்தை நூறு மடங்கு பெருக்கி, மூச்சு விட இடமில்லாமல் அடுக்கி வைத்தால் எப்படி? அப்படி!

முதல் இறக்கத்தில் அக்கா கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, என் மணிக்கட்டில் நகத்தைப் பதித்துக்கொண்டு, சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மோசம் போனது இந்தச் சின்ன மேடுகளில்தான். மூன்றாவது தூக்கலில் 'ஹா' என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் திரும்பினேன். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள்! கல்யாணத்துக்கு முன்னால், நாங்கள் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாட்டியைக் கேலி செய்து சிரித்தோமே, அந்தச் சிரிப்பு. அதை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கூந்தல் அவிழ்ந்து என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

5,106 அடித் தூரம்; ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் இரண்டே நிமிஷம். வண்டி நின்று கம்பி தளர்ந்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. வேலைக்காரப் பையன் வந்து, "அம்மா, சௌகரியம்தானே?" என்கிற மாதிரி ஏதோ கேட்டான். அவனுக்கு வணக்கம் போட்டுவிட்டு இறங்கினாள்.

கீழே குழந்தை அத்தானின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் போகலாமா?" என்று கேட்கவே பயந்துகொண்டு கேட்டாள். அக்கா பதில் சொல்லாமல் அவளைத் திருப்பி நிறுத்தி, பின்னலைப் பிரித்து இறுக்கிப் பின்னி, ரிப்பனை இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

"முதலில் பெரிதாக விழுமே, அது ஒன்றும் இல்லை" என்றாள். "திரும்பி வரும்போதுதான் தூக்கித் தூக்கிப் போடும். அப்போது என் கையை விடாதே."

கூட்டமெல்லாம் 310 அடிக்காரரிடம் போயிருந்தது. மாக்னத்தின் வரிசையில் அன்று ஆள் அதிகமில்லை. அத்தானிடம் கைப்பைகளைக் கொடுத்துவிட்டு மூன்று பேருமாகப் போய் நின்றுகொண்டோம்.